தீவுகளைப் பற்றிய ஒரு காணொளி: வெளிநாட்டுப் பொய்த்தகவலை மாணவர்களுக்கு எப்படி விளக்குவது?

கேள்வி: அரசறிவியல் ஆசிரியர், வெள்ளவத்தை

அனைவருக்கும் வணக்கம். உயர்தர மாணவர்களுக்கு மாலை வகுப்பில் அரசறிவியல் கற்பித்து வருகிறேன். சென்ற வாரம் பொதுசன அபிப்பிராயம் பற்றிய பாடத்தைத் தொடங்கியபோது மாணவி ஒருத்தி எழுந்து வந்து, தன் கைத்தொலைபேசியை என் மேசையில் வைத்து, "சேர், இது உண்மையா?" என்று கேட்டாள். நாற்பது வினாடி ஓடும் ஒரு காணொளி. யாழ்ப்பாணத்தை அடுத்த நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்று தீவுகளும் வெளிநாடொன்றுக்கு எழுதிக்கொடுக்கப்பட்டுவிட்டன, அங்குள்ள சனங்களை வெளியேறச் சொல்லி அறிவித்தல் ஒட்டியாகிவிட்டது, வரும் தேர்தலில் அவர்களுக்கு வாக்கே இருக்காது என்று ஒரு பெண்குரல் சொல்லிக்கொண்டு போகிறது. பின்னணியில் பெரிய துறைமுகம் ஒன்றும் வரிசையாக நிற்கும் பாரந்தூக்கிகளும் தெரிகின்றன. அப்படியொரு துறைமுகம் அந்தப் பக்கத்தில் எங்கும் இல்லை என்பது, தீவுகளுக்குப் படகு புறப்படும் குறிகட்டுவானில் ஒருமுறை படகேறியவருக்குக்கூடத் தெரியும். காணொளியின் மேல் இரட்டை அம்புக்குறி இருந்தது. பல கைகள் மாறி வந்திருக்கிறது என்று பொருள்.

அந்த மாணவியின் தாய் நயினாதீவைச் சேர்ந்தவர். காணொளியைக் கண்ட இரவே ஊருக்குத் தொலைபேசி எடுத்திருக்கிறார். "இங்க ஒரு அறிவித்தலும் இல்லை பிள்ளை, நான் இப்பதான் கோயிலுக்குப் போட்டு வந்தனான்" என்று அம்மம்மா சொல்லியிருக்கிறார். தாய்க்கு அந்தப் பதில் நிம்மதி தரவில்லை. "இண்டைக்கு இல்லையெண்டால் நாளைக்கு ஒட்டுவாங்கள், அம்மாவுக்கு என்ன தெரியும்" என்றாராம். காணொளியைவிட இந்த வாக்கியமே என் மனத்தை அரித்துக்கொண்டிருக்கிறது. பெற்ற தாய் கண்ணால் கண்டு சொன்னதைவிட, யாரென்றே தெரியாத ஒரு குரல் சொன்னது பலமாக நின்றுவிட்டது.

காணொளியை இங்கே இணைத்திருக்கிறேன். இது வெளிநாடு ஒன்றின் வேலையா, உள்ளூரில் யாரோ செய்ததா என்பதை எப்படி அறிவது? அந்த வேறுபாடு உண்மையில் முக்கியமானதா? அரசாங்கம் சட்டத்தால் இதைத் தடுக்க வேண்டும் என்று மாணவர்களில் பாதிப்பேர் சொல்கிறார்கள். நான் அவர்களுக்கு என்ன சொல்வது? எல்லாவற்றிலும் பெரிய கவலை ஒன்று உண்டு. எதையும் நம்பாதே என்று கற்பித்து, அம்மம்மாவையும் நம்பாத பிள்ளைகளை நான் உருவாக்கிவிடக் கூடாது.


பதில்: ஓய்வுபெற்ற உதவி ஆசிரியர், கொட்டாஞ்சேனை

ஆசிரியர் அவர்களுக்கு, முப்பது ஆண்டுகளுக்கு மேல் செய்திமேசையில் இருந்தவன் என்ற முறையில், அந்தக் காணொளியில் உள்ள உண்மையிலிருந்து தொடங்குகிறேன். நீங்கள் குறிப்பிட்ட மூன்று தீவுகளிலும் சூரிய ஒளியையும் காற்றையும் கொண்டு மின்சாரம் உற்பத்தி செய்யும் திட்டம் 2021 ஜனவரியில் சீன நிறுவனக் கூட்டொன்றுக்கு வழங்கப்பட்டது. இந்தியா அதற்கு ஆட்சேபம் தெரிவித்தது. மூன்றாம் தரப்பொன்றின் பாதுகாப்புக் கரிசனை காரணமாகத் திட்டம் இடைநிறுத்தப்பட்டதாக அவ்வாண்டு டிசம்பரில் சீனத் தூதரகம் அறிவித்தது. 2022 மார்ச்சில் அதே திட்டத்தை இந்திய நன்கொடையுடன் நிறைவேற்றும் உடன்பாடு கைச்சாத்தானது. ஆக, இரண்டு பெரிய நாடுகள் அந்தத் தீவுகள் மீது கண் வைத்திருந்தது மெய். தீவு மக்களை யாரும் முறையாகக் கலந்து பேசவில்லை என்ற மனக்குறையும் மெய். அந்த மெய்யின் மேல்தான் வெளியேற்றம், அறிவித்தல், வாக்குரிமை என்ற மூன்று பொய்களும் ஏற்றப்பட்டிருக்கின்றன. வெறும் பொய்யை நம் சனங்கள் அவ்வளவு இலகுவில் நம்புவதில்லை. ஆறாத புண்ணின் மேல் தடவிய பொய்யைத்தான் நம்புகிறார்கள். மாணவர்களுக்கு இதை முதலில் காட்டுங்கள். இல்லாவிட்டால் "முழுக்கப் பொய்" என்று நீங்கள் சொல்ல, அந்தத் தாய் பழைய பத்திரிகைச் செய்தியை எடுத்துக்காட்டி உங்களைத்தான் பொய்யர் என்பார்.

இந்த முறை இணையத்தோடு பிறந்ததல்ல. 1983 ஜூலையில் புதுடில்லியில் இருந்து வெளிவந்த 'பேட்ரியட்' என்ற நாளிதழில் பெயர் குறிப்பிடாத ஓர் அமெரிக்க விஞ்ஞானி எழுதியதாக ஒரு கடிதம் அச்சாகியது. எயிட்ஸ் நோய்க்கிருமி மேரிலாந்தில் உள்ள போர்ட் டெட்ரிக் இராணுவ ஆய்வுகூடத்தில் ஆயுதமாகத் தயாரிக்கப்பட்டது என்பது அதன் சாரம். கடிதத்தின் பின்னால் இருந்தது சோவியத் உளவுத்துறையான கேஜிபி. இரண்டு ஆண்டுகள் கடிதம் அப்படியே கிடந்தது. 1985இல் மொஸ்கோவின் 'லித்தரத்தூர்னயா கஸ்யேத்தா' அதை எடுத்து, இந்தியப் பத்திரிகையொன்றில் வெளியான செய்தி என்று மேற்கோள் காட்டி எழுதியது. பிறகு ஆபிரிக்காவிலும் ஆசியாவிலும் வெவ்வேறு ஏடுகள் மொஸ்கோ ஏட்டை மேற்கோள் காட்டின. 1987 அளவில் 80க்கு மேற்பட்ட நாடுகளில், 30க்கு மேற்பட்ட மொழிகளில் அது வந்துவிட்டதாகக் கணக்கிடப்பட்டது. 1992இல் ரஷ்ய வெளிநாட்டு உளவுத்துறையின் தலைவராக இருந்த யெவ்கெனி பிரிமக்கோவ் அதில் தங்கள் பங்கை ஒப்புக்கொண்டார். அழுக்குப் பணத்தைக் கடை கடையாக மாற்றி வெள்ளையாக்குவது போல, பொய்யைத் தொலைவில் உள்ள ஒரு சிறிய ஏட்டில் போட்டு, அங்கிருந்து எடுத்து எடுத்து வெளுக்கச் செய்வதே இதன் தொழில்நுட்பம்.

என் குற்றத்தையும் சொல்ல வேண்டும். நான் பணியாற்றிய நாளிதழொன்றில், இரவுப் பணியில் இருந்தபோது, "வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்று தெரிவிக்கின்றது" என்று தொடங்கும் மொழிபெயர்ப்புச் செய்தியொன்றை மூலத்தைப் பார்க்காமல் முன்பக்கத்துக்கு அனுப்பினேன். அந்த வெளிநாட்டுப் பத்திரிகை இன்னொன்றைப் பார்த்து எழுதியது, அந்த இன்னொன்றுக்கு மூலமே இல்லை என்பது இரண்டு வாரம் கழித்துத் தெரிந்தது. முன்பக்கத்தில் நான்கு பத்தியில் போன செய்திக்கு, உள்பக்கத்தின் அடியில் நான்கு வரியில் திருத்தம் போட்டோம். அந்த நான்கு வரியை வாசித்தவர் ஒருவரையேனும் நான் இன்றுவரை சந்திக்கவில்லை.


பதில்: மென்பொருள் பொறியியலாளர், பம்பலப்பிட்டி

ஐயா இருவருக்கும் வணக்கம். இணைத்திருந்த காணொளியை ஏழெட்டு முறை கேட்டேன். அந்தப் பெண்குரல் "மாவட்ட ஆட்சியர்" என்கிறது. யாழ்ப்பாணத்தில் பிறந்தவரோ கொழும்பில் வளர்ந்தவரோ அரசாங்க அதிபரை அப்படிச் சொல்லமாட்டார். "காவல்துறை" என்கிறது, நாங்கள் பொலிஸ் என்போம். "தேர்தல் ஆணையம்" என்கிறது. எங்களுக்கு அது ஆணைக்குழு. ஓரிடத்தில் தொகையொன்றைச் சொல்லும்போது, ரூபாய் என்பதற்குப் பதிலாக "ரூ" என்று எழுத்தை எழுத்தாகவே வாசிக்கிறது. மனிதர் அப்படி வாசிப்பதில்லை. எழுதிக்கொடுத்த பிரதியைக் கணினிக் குரல் வாசித்திருக்கிறது, அந்தப் பிரதியை எழுதியவரோ எழுதிய இயந்திரமோ இலங்கைத் தமிழில் புழங்கியதல்ல என்பது வரை உறுதியாகச் சொல்லலாம்.

ஆனால் ஐயா, அதற்கு மேல் ஒரு அடிகூட நான் போகமாட்டேன். அயல்நாட்டுச் சொல்வழக்கு இருப்பதால் அயல்நாட்டு அரசின் கை இருக்கிறது என்று ஆகிவிடாது. 2016இல் அமெரிக்கத் தேர்தலின்போது வட மெசிடோனியாவில் உள்ள வெலெஸ் என்ற சிறு நகரத்தில் இளைஞர்கள் நூற்றுக்கு மேற்பட்ட போலிச் செய்தித் தளங்களை நடத்தினார்கள். அவர்களை எந்த அரசும் ஏவவில்லை. விளம்பர வருமானத்துக்காகச் செய்தார்கள். இந்தக் காணொளியும் பார்வை எண்ணிக்கைக்காக யாரோ ஒருவர் பத்து நிமிடத்தில் செய்ததாக இருக்கலாம்.

அரசுகள் பின்னால் நிற்கும் வேலையை ஆராய்பவர்கள் ஒரு காணொளியில் என்ன சொல்லப்படுகிறது என்பதைவிட, அதைப் பரப்பும் கணக்குகள் எப்படி நடந்துகொள்கின்றன என்பதையே முதலில் பார்க்கிறார்கள். ஒரே வசனம் ஒரே எழுத்துப்பிழையோடு ஐம்பது கணக்குகளில் வருகிறதா, அந்தக் கணக்குகள் எல்லாம் ஒரே வாரத்தில் தொடங்கப்பட்டவையா, நேற்றுவரை சமையல் குறிப்புப் போட்ட பக்கம் இன்று திடீரென அரசியல் பேசுகிறதா, அவை இயங்கும் நேரம் எந்த நாட்டின் அலுவலக நேரத்தோடு ஒத்துப்போகிறது, விளம்பரத்துக்கு எந்த நாணயத்தில் பணம் கட்டப்பட்டது என்பன போன்ற தடயங்கள். 2022 செப்டெம்பரில் வெளிப்பட்ட 'டொப்பெல்கேங்கர்' என்ற ரஷ்ய நடவடிக்கையில் ஜேர்மனியின் 'டெர் ஸ்பீகல்', பிரித்தானியாவின் 'கார்டியன்' போன்ற இதழ்களின் இணையப்பக்கங்கள் எழுத்துரு முதல் இலச்சினை வரை அச்சொட்டாகப் பிரதி செய்யப்பட்டிருந்தன. முகவரியின் கடைசித் துண்டு மட்டும்தான் வேறு. உண்மையான ஸ்பீகலின் முகவரி 'டிஈ' என்று முடிய, போலி 'எல்டிடி' என்று முடிந்தது. அந்த மூன்று எழுத்தை எத்தனை பேர் பார்ப்பார்கள்?

வகுப்பில் சொல்வதற்கு ஒரேயொரு உதாரணம் வேண்டுமென்றால் ஹியூஸ்டன் நகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2016 மே 21ஆம் தேதி, டெக்சாஸ் மாநிலத்தின் ஹியூஸ்டனில் உள்ள இஸ்லாமிய நிலையம் ஒன்றின் முன்னால் இரண்டு கூட்டங்கள் எதிரெதிரே திரண்டன. டெக்சாஸ் இஸ்லாமியமயமாவதை நிறுத்து என்று ஒரு பக்கம். இஸ்லாமிய அறிவைக் காப்போம் என்று மறுபக்கம். முதற் கூட்டத்தை அழைத்தது 'ஹார்ட் ஒஃப் டெக்சாஸ்' என்ற பேஸ்புக் பக்கம். இரண்டாவதை அழைத்தது 'யுனைட்டட் முஸ்லிம்ஸ் ஒஃப் அமெரிக்கா' என்ற பக்கம். இரண்டு பக்கங்களையும் நடத்தியது ரஷ்யாவின் சென் பீட்டர்ஸ்பேர்க் நகரில் இருந்த ஒரே நிறுவனம், ரஷ்யத் தொழிலதிபர் யெவ்கெனி பிரிகோஷின் பணம் கொடுத்து நடத்திய 'இணைய ஆய்வு முகவரகம்'. இரு பக்கத்தாரையும் தெருவுக்கு இழுத்த விளம்பரங்களுக்கு ஆன செலவு ஏறத்தாழ 200 டொலர் என்று 2017 நவம்பரில் அமெரிக்க செனட் சபையின் விசாரணையில் சொல்லப்பட்டது. நடத்தியவர்களுக்கு இஸ்லாம் பற்றி ஒரு கொள்கையும் இல்லை. அவர்களுக்கு வேண்டியிருந்தது இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று பார்த்துக் கத்துவது. தெருவில் நின்றவர்களோ முழு மனத்தோடு நின்ற உண்மையான மனிதர்கள். எனக்கு இந்தக் கதையில் மிகவும் வலிப்பது அதுதான்.

நம் மொழிக்குத் தனியாக ஒரு ஆபத்து உண்டு. இதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. ஆங்கிலத்தில் ஒரு பொய் வந்தால் அதை மறுத்து ஐம்பது கட்டுரைகள் அதே நாளில் வருகின்றன. "அனலைதீவு வெளியேற்றம்" என்று தமிழில் தேடிப் பாருங்கள். பொய்யைச் சொன்னவரின் பக்கம் மட்டுமே முதலில் வரக்கூடும், ஏனென்றால் வேறு யாரும் அந்தச் சொற்களைச் சேர்த்து எழுதியிருக்கமாட்டார்கள். ஆளில்லாத வளவுக்குள் யாரும் வேலி போடலாம். 2024 பெப்ரவரியில், வெளிநாட்டு இணையத் தலையீட்டைக் கண்காணிக்கும் பிரான்ஸின் அரச நிறுவனமான விஜினம், ரஷ்ய ஆதரவுச் செய்திகளைப் பல மொழிகளில் தானாக மறுபிரசுரம் செய்யும் 193 தளங்கள் கொண்ட வலையமைப்பொன்றை அம்பலப்படுத்தியது. அந்தத் தளங்களுக்கு மனித வாசகர்கள் மிகக் குறைவு. தேடுபொறிகளும், கேள்விக்குப் பதில் சொல்லும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளும் வாசித்துக்கொள்ளட்டும் என்பதற்காகவே அவை எழுதிக் குவிக்கின்றன என்று ஆய்வாளர்கள் பின்னர் எச்சரித்தார்கள். தமிழில் அந்த வேலையைச் செய்ய 193 தளங்கள் தேவைப்படாது.


பதில்: தெமட்டகொடை வாசகி

தம்பி நன்றாக விளக்கியிருக்கிறார். ஆனாலும் எல்லோரும் வெளிநாடு, வெளிநாடு என்று எழுதுவதை வாசிக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. 2018 பெப்ரவரி 26ஆம் தேதி இரவு அம்பாறையில் நடந்ததை எந்த வெளிநாடு செய்தது? முஸ்லிம் சாப்பாட்டுக் கடையொன்றில் கொத்துக்குள் ஏதோ கட்டியாகக் கிடந்ததென்று ஒருவர் சத்தம் போட, அது மலட்டு மாத்திரை என்று கூட்டம் கூடியது. காசாளராக இருந்தவருக்குச் சிங்களம் சரியாக விளங்காது. கேட்ட கேள்வி புரியாமல், பயத்தில், ஓம் போட்டோம் என்ற பொருளில் பதில் சொல்லிவிட்டார். அந்தப் பதில் கைத்தொலைபேசியில் பதிவாகி நாடு முழுவதும் போனது. அது வெறும் மாவுக்கட்டி என்று அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் பின்னர் அறிக்கை கொடுத்தார். ஒருவரை மலடாக்கும் அப்படியொரு மாத்திரை உலகத்திலேயே இல்லை என்று மருத்துவர்களும் சொன்னார்கள். அதற்குள் கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டுவிட்டன. அடுத்த வாரமே திகனையிலும் தெல்தெனியவிலும் வீடுகள் எரிந்தன. அந்த வன்செயலில் தங்கள் தளம் தவறாகப் பயன்படுத்தப்பட்டதற்காக பேஸ்புக் நிறுவனம் 2020 மே மாதத்தில் மன்னிப்புக் கேட்டது.

என் சாச்சாவின் குடும்பம் அப்போது திகனைப் பக்கத்தில் இருந்தது. அரசாங்கம் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாவற்றையும் முடக்கியது. பொய் நின்றதா என்று எனக்குத் தெரியவில்லை. சாச்சி வீட்டுப் பிள்ளைகள் எந்த வீட்டில் ஒளிந்திருக்கிறார்கள் என்ற செய்தி எனக்கு வருவது நின்றுவிட்டது. தொலைபேசி அழைப்பு எடுத்தால் அவர்கள் குசுகுசுத்துப் பேசவும் பயந்தார்கள். குறுஞ்செய்தி ஒன்றுக்காக இரவு முழுக்க விழித்திருந்தோம்.

சுவரில் வெடிப்பு இருந்தால்தான் கறையான் ஏறும். இப்படி நாங்களே ஒருவரை ஒருவர் நம்பாமல் வைத்திருக்கும் இடங்களை வெளியிலிருந்து பார்ப்பவர்கள் கணக்கெடுத்து வைத்திருக்கிறார்கள் என்பதை நான் ஏற்கிறேன். ஆசிரியர் தம் மாணவர்களுக்கு ஹியூஸ்டனைச் சொல்வதற்கு முன் அம்பாறையைச் சொல்ல வேண்டும் என்பதே என் வேண்டுகோள். அந்தக் காசாளரைப் போல் தமிழ் மட்டும் தெரிந்த பிள்ளைகள் அந்த வகுப்பிலும் இருப்பார்கள்.


பதில்: சட்டத்தரணி, புதுக்கடை

சட்டம் பற்றிய கேள்விக்கு மட்டும் பதில் எழுத நினைத்தேன். சகோதரியின் பதிலை வாசித்த பிறகு அதைக் கொஞ்சம் விரித்தே எழுத வேண்டியிருக்கிறது.

நமக்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் 2024 ஜனவரி 24ஆம் தேதி பாராளுமன்றத்தில் நிறைவேறி, பெப்ரவரி 1ஆம் தேதி சபாநாயகரால் சான்றுப்படுத்தப்பட்டது. சனாதிபதி நியமிக்கும் ஐவர் கொண்ட ஆணைக்குழு ஒன்று, பொய்யான கூற்று எது என்று கருதி அதை நீக்கப் பணிக்கும் ஏற்பாடு அதில் இருக்கிறது. சட்டமூலமாக இருந்தபோது அதன் பல பிரிவுகள் திருத்தப்பட வேண்டும் என உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. திருத்தங்கள் முழுமையாகச் செய்யப்படவில்லை என்ற குற்றச்சாட்டு இன்றும் இருக்கிறது. என் ஆட்சேபம் வேறு. அந்தச் சட்டத்தின் நீண்ட கை, கொழும்பிலோ மட்டக்களப்பிலோ சொந்தப் பெயரில் எழுதுகிற ஒரு குடிமகனை இலகுவாக எட்டும். வேறொரு நாட்டில் இருந்துகொண்டு நூறு பொய்ப்பெயர்களில் எழுதுகிறவனை அது எட்டாது. குடியியல், அரசியல் உரிமைகளுக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டத்தில், வெறுப்பைத் தூண்டுவதைத் தடுக்கும் பிரிவின் கீழ் 2019 மே மாதத்தில் ஒரு பெண் கைதானார். அவருடைய உடையில் இருந்த கப்பல் சுக்கானின் படத்தைத் தர்மச்சக்கரம் என்று தவறாகக் கண்டதே காரணம். பொய்த்தகவலை ஒடுக்கும் அதிகாரத்தைக் கேட்கும் மாணவர்களிடம், அந்த அதிகாரம் யார் கையில் போகும், யார் மேல் முதலில் பாயும் என்று நீங்கள் கேட்க வேண்டும்.

அதற்காகச் சட்டமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ருமேனியாவைப் பாருங்கள். 2024 நவம்பர் 24ஆம் தேதி நடந்த சனாதிபதித் தேர்தலின் முதற் சுற்றில், கருத்துக்கணிப்புகளில் எங்கோ பின்னால் இருந்த கலின் ஜியோர்ஜெஸ்கு ஏறத்தாழ 23 சதவீத வாக்குகளுடன் முதலிடம் வந்தார். தேர்தல் செலவு பூச்சியம் என்று கணக்குக் கொடுத்திருந்தார். ஆனால் டிக்டொக் முழுக்க அவரே இருந்தார். தேர்தலுக்கு இரண்டு வாரம் முன்னதாக ஏறத்தாழ 25,000 கணக்குகள் திடீரென விழித்துக்கொண்டதாக அந்நாட்டு உளவுத்துறையின் ஆவணங்கள் கூறின. டிசம்பர் 6ஆம் தேதி, இரண்டாம் சுற்றுக்கு இரு நாட்கள் முன், அரசியலமைப்பு நீதிமன்றம் தேர்தலையே இரத்துச் செய்தது. 2025 மே மாதத்தில் மீண்டும் தேர்தல் நடந்து நிக்குஷோர் டான் வென்றார்.

இதில் நான் எந்தப் பக்கம் என்று கேட்டால், நீதிமன்றம் காட்டிய கவலை நியாயமானது, ஆனால் அது தெரிவு செய்த மருந்து மிகவும் கடுமையானது என்பேன். வாக்களித்த இலட்சக்கணக்கான மக்களுக்கு, உங்கள் தீர்ப்பு உங்களுடையதல்ல என்று ஒரு நீதிமன்றம் சொல்லும்போது, பொய்யைப் பரப்பியவன் விரும்பியதில் பாதி நிறைவேறிவிடுகிறது. அந்த டிக்டொக் பிரசாரங்களில் ஒன்றுக்கு அந்நாட்டின் ஆளும் கூட்டணிக் கட்சியொன்றே பணம் கொடுத்திருந்தது என்று ருமேனியப் புலனாய்வு ஊடகமொன்று பின்னர் எழுதியது. வெளிநாட்டுக் கையும் உள்ளூர்க் கையும் எங்கே பிரிகின்றன என்பதை ஒரு முழு அரசாலேயே அவசரத்தில் பிரித்துக்காட்ட முடியவில்லை.

எனக்குப் பிடித்த வழி, கண்டுபிடித்து வெளியிடுவதோடு நின்றுவிடும் நிறுவனங்கள். தம்பி குறிப்பிட்ட விஜினம் 2021இல் தொடங்கப்பட்டது. அதற்கு எதையும் நீக்கும் அதிகாரமோ யாரையும் கைதுசெய்யும் அதிகாரமோ இல்லை. பகிரங்கமாகக் கிடைக்கும் தடயங்களை வைத்து, இது வெளியிலிருந்து வருகிறது, இப்படி வருகிறது என்று அறிக்கை போடுகிறது. சுவீடன் 2022 ஜனவரி 1ஆம் தேதி நிறுவிய உளவியல் பாதுகாப்பு முகவரகமும் வெளிநாட்டுத் தலையீட்டை மட்டுமே பார்க்கிறது. தன் குடிமக்கள் சொல்வது சரியா பிழையா என்று தீர்ப்பளிப்பதில்லை. நம் தேர்தல் ஆணைக்குழுவுக்குப் பக்கத்தில் அப்படியொரு சிறிய பிரிவு, மும்மொழியிலும், அமைச்சர் எவருக்கும் கட்டுப்படாமல் இருக்குமானால் நான் முதல் ஆளாக ஆதரிப்பேன்.

ஆசிரியரின் கடைசிக் கவலை பற்றி ஒரு வார்த்தை. உண்மையான ஒலிப்பதிவில் அகப்பட்ட ஒருவர், அது கணினி செய்த போலி என்று சொல்லித் தப்பிப்பதை நீதிமன்றங்களில் இனி அடிக்கடி காண்போம். போலி பெருகப் பெருகப் பொய்யனுக்குக் கிடைக்கும் ஆதாயம் அது. எதையும் நம்பாதே என்று கற்பித்தால், அவனுக்கு வாதாட நீங்களே சாட்சி தயாரித்துக் கொடுத்தது போலாகும்.


மீண்டும்: அரசறிவியல் ஆசிரியர், வெள்ளவத்தை

எல்லோருக்கும் நன்றி. வாசகி அக்கா சொன்னபடி அம்பாறையிலிருந்தே தொடங்கினேன். காசாளருக்குச் சிங்களம் விளங்கவில்லை என்ற இடத்தில் வகுப்பு அப்படியே அமைதியாகிவிட்டது. ஒரு மாணவன் மட்டும், பொலிஸ் சோதனையில் தனக்கும் ஒருமுறை அப்படி நடந்தது என்று சொன்னான்.

பிறகு காணொளியை எடுத்துக்கொண்டோம். எதையும் நம்பாதே என்று நான் சொல்லவில்லை; யாரை நம்பலாம், ஏன் நம்பலாம் என்று எழுதச் சொன்னேன். பின்னணியில் இருந்த துறைமுகத்தின் படத்தைப் பிரித்தெடுத்து இணையத்தில் தேடிய இருவர், அதே படம் பல ஆண்டுகளுக்கு முன்பே வேறொரு நாட்டுத் துறைமுகத்தின் படமாக வெளியானதைப் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்தார்கள். ஒருவன், நயினாதீவு அடங்கும் வேலணைப் பிரதேச செயலகத்துக்குத் தொலைபேசி எடுத்தான். எடுத்தவர் பொறுமையாக, அப்படியொரு அறிவித்தலும் இல்லை, வேண்டுமானால் எழுத்தில் கேளுங்கள் பதில் தருகிறோம் என்றார். கொட்டாஞ்சேனை ஐயா தந்த மின்சாரத் திட்டத்தின் விவரத்தையும் சேர்த்து, எது மெய், எது ஏற்றிச் சொன்னது என்று ஒரு பக்கத்தில் எழுதினோம்.

நயினாதீவுப் பிள்ளை அந்தப் பக்கத்தைத் தாயிடம் காட்டவில்லை. அம்மம்மாவிடம் சொல்லி, இறங்குதுறையில் நின்று அவர் பேசுவதைப் பக்கத்து வீட்டுப் பையனைக் கொண்டு பதிவு செய்வித்து, குடும்பக் குழுவில் போட்டிருக்கிறாள். "நான் இஞ்சதான் நிக்கிறன், பின்னால தெரியிறது கோபுரம், நீங்கள் சொல்லுற பாரந்தூக்கி எங்க எண்டு காட்டுங்கோ பாப்பம்" என்று தொடங்குகிறது. கனடாவில் இருக்கும் உறவினர் ஒருவர் உடனே, இதுவும் கணினியில் செய்ததாக இருக்கலாம் என்று எழுதினார். சட்டத்தரணி ஐயா சொன்னது அன்றிரவே நடந்துவிட்டது. குழுவில் இருந்த பெரியமாமா ஒருவர் அம்மம்மாவுக்கு நேரடியாக அழைப்பு எடுத்து, ஐந்து நிமிடம் பேசிவிட்டு, "மச்சாள்தான், ஐமிச்சம் இல்லை. போன மாசம் நான் குடுக்கவேண்டிய காசையும் கேட்டவ" என்று எழுதினார். அதன் பிறகு அந்தக் குழுவில் யாரும் காணொளியைப் பற்றிப் பேசவில்லை என்று பிள்ளை சொல்கிறாள். தாய் அன்றிரவு ஒன்றும் சொல்லவில்லையாம். மறுநாள் காலை தானே ஊருக்குத் தொலைபேசி எடுத்து நீண்ட நேரம் பேசியிருக்கிறார்.

பம்பலப்பிட்டித் தம்பிக்கு ஒரு கேள்வி. பழைய மாணவர் குழுக்கள் இரண்டில் அதே காணொளி இன்னும் சுற்றுகிறது. நாங்கள் எழுதிய அந்த ஒரு பக்கத்தைத் தமிழில் இணையத்தில் போட விரும்புகிறோம். காணொளியையும் அதன் கீழே இணைக்கலாமா?


பதில்: மென்பொருள் பொறியியலாளர், பம்பலப்பிட்டி

காணொளியை இணைக்க வேண்டாம் ஐயா. உங்கள் பக்கத்திலிருந்தே அது மறுபடி பயணம் போகும். ஒரு காட்சியை மட்டும் படமாக எடுத்து, அதன் குறுக்கே "பொய்" என்று பெரிதாக எழுதிப் போடுங்கள். தலைப்பில் மூன்று தீவுகளின் பெயரையும், வெளியேற்றம், அறிவித்தல் என்ற சொற்களையும் கட்டாயம் சேருங்கள்; பயந்துபோய்த் தேடுகிறவர் அந்தச் சொற்களைத்தான் தட்டுவார். பொய்யைத் தலைப்பாக வைக்காமல் மெய்யைத் தலைப்பாக வையுங்கள்: "நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மக்களுக்கு வெளியேற்ற அறிவித்தல் எதுவும் இல்லை: பிரதேச செயலகத்தின் பதில்". பிரதேச செயலகத்திடம் எழுத்தில் கேட்டுப் பதில் வந்ததும் அதன் தேதியையும் போடுங்கள். மற்ற இரு தீவுகளுக்கும் உரிய செயலகங்களிடமும் கேட்டுவிடுவது நல்லது. பக்கம் தயாரானதும் இங்கே சொல்லுங்கள். சிங்களத்தில் மொழிபெயர்க்க என் அலுவலக நண்பர் ஒருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.